மேடுபள்ளத்திற்கேற்ற வண்டி

வண்டலூரிலிருந்து மேற்கே வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமிடம் ஒரகடமாகும். ஒரு தலைமுறைக்கு முன்னர் ஏரியும் வயலும் பனையுமாகக் காட்சியளித்த இந்நிலப்பரப்பு, இன்று மோட்டார் வண்டிகளின் பிறப்பிடமாக மாறிவிட்டது. எம்பெருமானார் அவதரித்த திருத்தலமென்று வைணவ உலகம் போற்றும் ஸ்ரீபெரும்புதூரின் பெயரைக் கேட்டவுடன், நம் மாணவரிற் பலருக்கு இப்பொழுது முதலில் நினைவுக்கு வருவது கோயிலன்று, தொழிற்சாலையே. இது நன்றோ தீதோ என்று ஆராய்வது ஈண்டு என் கருத்தன்று. அவ்விடத்துச் செய்யப்பெறும் வண்டிகளுள் ஒருவகையைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயத்தைக் கூற விரும்புகின்றேன். அவ்வகை, நல்ல சாலை முடிந்த பின்னும் செல்வதற்கென்று செய்யப்பெறும் வண்டியாகும்.

ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 2013ஆம் ஆண்டில் ஒரகடத்திலும், 2017ஆம் ஆண்டில் அதனையடுத்த வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகளைத் திறந்தனர். அவர்களுடைய பூர்விகம் இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரம் என்பதும், 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூடித் திருவொற்றியூரில் புல்லட் வண்டியைச் செய்யத் தலைப்பட்டனர் என்பதும், தாய்க்கம்பெனி மறைந்த பின்னும் சென்னைக் கிளையே உயிர்வாழ்ந்தது என்பதும் பலரும் அறிந்த விஷயங்களே. அந்நிறுவனம் 2016ஆம் ஆண்டில் ஹிமாலயன் என்ற பெயரால் ஒரு புதிய மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. இமயத்தின் பெயர் தாங்கிய வண்டி, பெருமலையொன்றும் இல்லாத செங்கற்பட்டுச் சீமையின் ஏரிக்கரைகளுக்கு நடுவே பிறக்கின்றதென்பது சற்று நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். எனினும் இவ்வண்டியின் அமைப்பை ஊன்றி நோக்குவார்க்கு, அது ஏரிக்கரைக்கும் ஏற்றதே என்பது புலனாகும்.

முதலில் சக்கரத்தைக் கவனிப்போம். ஹிமாலயனின் முன்சக்கர வளையம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். சாதாரணத் தெருவண்டிகளில் முன்னும் பின்னும் பெரும்பாலும் 17 அங்குலமே இருக்கும். முன்சக்கரம் இத்துணைப் பெரிதாயிருப்பது ஏன் என்று வினவினால், ஆர்வலர் பலர், ‘அதுவே அழகு’ என்று கூறி நிறுத்திவிடுகின்றனர். உண்மைக் காரணத்தை நம் ஊர்த் தச்சன் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தான். மாட்டுவண்டியின் சக்கரம் ஆள் மார்பளவு உயர்ந்து நிற்பதைப் பாருங்கள். குடத்தில் ஆரக்கால்களைப் பொருத்தி, வட்டைகளைக் கூட்டி, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மேலே இறுக்கி, அவ்வளவு பெரிய சக்கரத்தை அவன் செய்தது வீண் ஆடம்பரத்திற்கன்று. ஒரு கல்லோ வரப்போ எதிர்ப்படும்பொழுது, அதன் உயரம் சக்கரத்தின் ஆரத்தில் எத்தனையில் ஒரு பங்கோ, அதற்கேற்ப ஏறுவதற்கு வேண்டிய இழுப்பும் அமைகின்றது. சிறு சக்கரத்துக்குச் சுவராகத் தோன்றுவது பெருஞ்சக்கரத்துக்குச் சரிவாகத் தோன்றும். பள்ளத்திலும் அவ்வாறே, சிறு சக்கரம் உள்ளே விழும், பெருஞ்சக்கரம் மேலே தாண்டும். நெல்மூட்டை ஏற்றிய வண்டி களத்துமேட்டிலிருந்து வரப்பைக் கடந்து வந்ததும், மோட்டார் சைக்கிள் ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் கற்குவியலைக் கடப்பதும் ஒரே நியாயத்தைப் பற்றியே நடக்கின்றன. இதனை நம் பௌதிக வகுப்பு மாணவர் ஒரு கரும்பலகையில் அரை மணி நேரத்தில் நிறுவிவிடலாம்.

பெருஞ்சக்கரத்தால் தீமையும் உண்டு. வளைவுகளில் வண்டி விரைந்து திரும்பாது; சக்கரத்தின் எடையும் கூடும். ஆதலின் அந்நிறுவனத்தாரே 2022ஆம் ஆண்டில், அதே யந்திரத்தோடு 19 அங்குல முன்சக்கரம் பூட்டி ஸ்க்ராம் 411 என்ற வேறொரு வண்டியை வெளியிட்டனர். நகரத்தில் ஓட்டுவார்க்கு அதுவே இதமானது. ஆயின் மெய்யான மேடுபள்ளத்தில் செல்வார் 21 அங்குலத்தையே கேட்கின்றனர். அவர்கள் கேட்பதில் பிழையில்லை. மகாராஷ்டிர மாநிலத்துச் சாகனில் செய்யப்பெறும் கேடிஎம் 390 அட்வெஞ்சர் வண்டி 2020ஆம் ஆண்டில் 19 அங்குல வார்ப்புச் சக்கரத்தோடு வந்தது. ஆர்வலர் விடாது முறையிட்டனர். 2023ஆம் ஆண்டில் கம்பி ஆரச் சக்கரமும், 2025ஆம் ஆண்டில் 21 அங்குல முன்சக்கரமும் அவ்வண்டிக்கு வந்து சேர்ந்தன. வாங்குவோர் குரல் வரைபலகை வரை எட்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

கம்பி ஆரச் சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வார்ப்புச் சக்கரம் கல்லில் மோதினால் விண்டுபோகும்; கம்பிச் சக்கரம் வளைந்து கொடுக்கும், வளைந்ததைத் தட்டி நிமிர்த்தியும் விடலாம். ஆனால் கம்பிகள் வளையத்தைத் துளைத்து நிற்பதால் காற்று நில்லாது. ஆகவே உள்ளே டியூப் வேண்டும். டியூப் உள்ள சக்கரத்தில் ஆணி குத்தினால், சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, ஒட்டுப்போட்டு மீண்டும் பூட்ட வேண்டும். டியூபில்லாத சக்கரமாயின் ஐந்து நிமிடத்தில் திரியைச் செருகிவிட்டுப் புறப்படலாம். இரண்டின் நன்மையும் ஒருங்கே வேண்டுமென்றால், காற்றுப் புகாத கம்பிச் சக்கரம் வேண்டும். 2023ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த புதிய ஹிமாலயன் 450 நம் நாட்டில் டியூபோடுதான் வந்தது. டியூபில்லாத கம்பிச் சக்கரம் இங்கே விலைகொடுத்துத் தெரிந்துகொள்ளத்தக்க பொருளாக வந்தது 2024ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட அந்த ஓராண்டுக் காலம் ஆர்வலர் எழுப்பிய ஆரவாரத்தை நகையாடியவர் பலர். நள்ளிரவில், மழையில், மின்விளக்கில்லாத சாலையில், பின்சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறையேனும் நின்றவர் நகையாடமாட்டார்.

நிற்க. பிரேக்கின் விஷயத்தில் ஒரு சுவையான முரண்பாடு உண்டு. 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகள் யாவற்றிலும் ஏபிஎஸ் என்னும் அமைப்பு இருத்தல் வேண்டுமென்ற விதி 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியினின்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. திடீரெனப் பிரேக்கை அழுத்தும்பொழுது சக்கரம் சுழலாமல் இறுகிப்போவதை அவ்வமைப்புத் தடுக்கின்றது. ஈரமான தார்ச்சாலையில் இது எத்தனையோ உயிர்களைக் காக்கவல்லது. அதனை மறுப்பவர் அறிவிலர். ஆனால் சரளைக்கல்லும் புழுதியும் நிறைந்த இறக்கத்தில் நிலைமை வேறு. அங்கே பின்சக்கரம் சற்று இறுகிச் சறுக்கினால்தான், தனக்கு முன்னே கல்லையும் மண்ணையும் குவித்து, அக்குவியலையே அணையாகக் கொண்டு வண்டி நிற்கும். இறுகவிடாது ஏபிஎஸ் விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டேயிருந்தால், வண்டி நிற்பதற்குப் பதிலாக இறக்கத்தில் உருண்டுகொண்டே போகும். ஆகவே பின்சக்கரத்துக்கு மட்டும் அவ்வமைப்பை நிறுத்திவைக்கும் விசையொன்று வேண்டுமென்று ஆர்வலர் கேட்டனர். 2020ஆம் ஆண்டு பிஎஸ் 6 ஹிமாலயனில் அவ்விசை வந்தது. காப்பதற்கென்று வைத்த கருவியை அணைத்துவைக்க வழிகேட்பது வெளிப்பார்வைக்கு மடமையாகத் தோன்றும். நிலத்தின் தன்மையறிந்து கேட்டமையால் அது மடமையன்று. முன்சக்கரத்துக்கும் சேர்த்து அணைக்கவேண்டுமென்று கேட்பாரும் உளர். அவர்களுடன் நான் உடன்படேன்.

இதுகாறும் ஆர்வலர் பக்கமே நின்று பேசினேன். இனி அவர்களோடு சிறிது வழக்காட வேண்டியிருக்கின்றது.

பழைய ஹிமாலயனின் யந்திரம் 411 சிசி. அதன் உருளையின் விட்டம் 78 மில்லிமீட்டர், உந்தின் ஓட்டம் 86 மில்லிமீட்டர். அதாவது அகலத்தினும் நீளம் மிக்கது. இத்தகைய யந்திரம் விரைந்து சுழலாது. ஆனால் மெல்லச் சுழலும்பொழுதே இழுக்கும். ஏறத்தாழ 24 குதிரைத்திறனேயாயினும், 4,000 முதல் 4,500 சுற்றிலேயே 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைத்துவிடும். சேற்றிலும் கற்படியிலும் அடிமேல் அடியெடுத்து வைக்கும் எருமைபோல் அது ஏறும். குளிர்விக்கக் காற்றும் எண்ணெயுமே போதும். கல் பட்டு ஒழுகக்கூடிய ரேடியேட்டர் அதற்கில்லை. 1 லட்சத்து 55 ஆயிரம் ரூபாய்க்கு 2016ஆம் ஆண்டில் இவ்வண்டி வந்தபொழுது, சிற்றூர் ஆசிரியர் ஒருவரும் கடன் வாங்கியேனும் எட்டிப்பிடிக்கத்தக்க விலையாக அது இருந்தது.

ஆர்வலர் அதிற்கண்ட பெருங்குறை வேகமின்மை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அது திணறுகின்றது என்றனர். அவர்கள் வேண்டியவண்ணமே 2023ஆம் ஆண்டில் 452 சிசி யந்திரம் வந்தது. உருளை விட்டம் 84, ஓட்டம் 81.5, அகலம் நீளத்தை மிஞ்சிவிட்டது. திறன் ஏறத்தாழ 40 குதிரை. 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 5,500 சுற்றிலேதான் முழுமையாகக் கிடைக்கும். நீரால் குளிரும் யந்திரம், கைபேசியோடு இணைந்து வரைபடம் காட்டும் வட்டத்திரை, மின்னணுவால் இயங்கும் திராட்டில் எல்லாம் வந்தன. தொடக்க விலை 2 லட்சத்து 69 ஆயிரம். எடை மட்டும் குறையவில்லை என்றே கூறலாம். பழையது தன் இறுதி வடிவில் 199 கிலோ, புதியது 196 கிலோ. அதே 2023ஆம் ஆண்டில் பழைய வண்டி நம் நாட்டுச் சந்தையிலிருந்து விடைபெற்றது.

வேகத்தை விரும்பியவர்களை முற்றும் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. தமிழ்நாட்டிலிருந்து மணாலிக்குச் செல்பவன், கற்பாதையை மிதிக்குமுன் 2,500 கிலோமீட்டருக்கு மேல் நல்ல சாலையிற் செல்ல வேண்டியவனாகின்றான். அவ்வளவு தூரமும் லாரிகளுக்குப் பின்னே முனகிக்கொண்டு செல்வது இன்பமன்று. மின்னணுவை முழுதும் வெறுப்பதும் நியாயமன்று. 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களில் காற்றழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அங்கே பழைய கார்புரேட்டர் வண்டி காற்றுப் போதாமல் பெட்ரோலைக் குடித்துக் கரும்புகை கக்கும். எரிபொருளைக் கணக்கிட்டுத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் அமைப்போ தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். எளிமையென்பது எவ்விடத்தும் நன்மையாகாது.

ஆயினும் ஒன்று கேட்கின்றேன். புதியதைச் செய்தால் பழையதை நிறுத்தித்தான் ஆகவேண்டுமா? எடை குறைந்த, விலை குறைந்த, மெல்ல இழுக்கும் வண்டியொன்று ஆர்வலருக்கு வேண்டாததாயிருக்கலாம். ஆனால் ஆர்வலரல்லாத பெருங்கூட்டமொன்று அவ்வண்டியை வேண்டி நிற்கின்றதே! மலையூர்களுக்கு மருந்துப்பெட்டியோடு செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர், கால்நடை மருத்துவர், வனக்காவலர், பால் எடுக்கச் செல்பவர் ஆகிய இவர்கள் எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதுவதில்லை. கம்பெனியார் நடத்தும் யாத்திரைகளிலும் கலந்துகொள்வதில்லை. தினந்தோறும் மேடுபள்ளத்திற் செல்பவர் இவர்களே. ஆண்டுக்கொருமுறை விடுமுறையிற் செல்பவருடைய விருப்பம் வண்டியின் வடிவத்தை வகுக்கின்றது.

சில மாதங்களுக்கு முன் மாணவர் சிலருடன் கொழுக்குமலைக்குச் சென்றிருந்தேன். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த அத்தேயிலைத் தோட்டம் 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. வண்டிப்பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அப்பாதையைப் பாதையென்பது உபசார வழக்கு. ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது. எங்களை ஏற்றிச் சென்றது ஒரு பழைய மஹிந்திரா ஜீப்பு. 1941ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கெனச் செய்யப்பெற்ற வில்லிஸ் ஜீப்பின் வழித்தோன்றல். ஓட்டுநரை நோக்கி, ‘புதிய வண்டிகள் எத்தனையோ வந்துவிட்டனவே, இன்னும் இதையே வைத்திருக்கின்றீரே?’ என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘சார், கீழ் கியர்ல போட்டா இது பிடிச்ச பிடி விடாம ஏறணும். நடுவழியில நின்னா நானே பிரிச்சு நானே மாட்டணும். கம்ப்யூட்டர் கொண்டாந்து பாக்க இங்க யாரு வருவா?’ என்றார். வண்டியமைப்பைப் பற்றி நான் கேட்ட விரிவுரைகள் எல்லாவற்றினும் இது சுருக்கமும் தெளிவும் உடையதாயிருந்தது. அவர் கேட்டவை இரண்டே: தாழ்ந்த கியர், கையாற் பழுதுபார்க்கத்தக்க எளிமை. திரையைப் பற்றியோ குதிரைத்திறனைப் பற்றியோ அவர் பேச்செடுக்கவில்லை.

தாழ்ந்த கியர் என்றவுடன் ஒரகடத்துச் சரித்திரத்தில் மற்றோர் அத்தியாயம் நினைவுக்கு வருகின்றது. ரெனோ, நிஸ்ஸான் கூட்டு நிறுவனத்தார் ஒரகடத்துத் தொழிற்சாலையில் 2012ஆம் ஆண்டு முதல் டஸ்டர் காரைச் செய்தனர். 2014ஆம் ஆண்டில் அதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வகையொன்று வந்தது. கனமான ஜீப்புகளில் உள்ள தனிப்பட்ட தாழ்கியர்ப் பெட்டியை அதில் வைக்கவில்லை. எடையும் விலையும் ஏறிவிடுமன்றோ? அதற்குப் பதிலாக ஆறு கியர்களுள் முதலாவதை மட்டும் மிகத் தாழ்த்தி வைத்தனர். சாதாரணச் சாலையில் இரண்டாம் கியரிலேயே புறப்படலாம். சேற்றில் முதற்கியர் நத்தைபோல் இழுக்கும். பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷனும் அவ்வகைக்கு உண்டு. செலவு சுருங்கிய வழியில் பெரும்பயன் கண்ட இவ்வமைப்பை நான் இன்றும் வியக்கின்றேன். ஆர்வலரும் வியந்தனர். வியந்த அளவுக்கு வாங்கினார்களா என்பது வேறு கேள்வி. 2020ஆம் ஆண்டில் பிஎஸ் 6 விதி வந்தபொழுது அந்நிறுவனம் நம் நாட்டில் டீசல் யந்திரத்தைக் கைவிட்டது. நான்கு சக்கர இழுப்பும் அதனோடு மறைந்தது. பின்னர் 2022ஆம் ஆண்டில் அந்த டஸ்டரே நின்றுவிட்டது. இன்றும் பழைய வண்டியை வைத்திருப்போர் அதனைக் கண்ணெனப் போற்றுகின்றனர். விற்பனையேட்டில் புகழ்ச்சிக்கென ஒரு பத்தி இல்லை என்பதை ஆர்வலர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

வாங்குவோரிற் பெரும்பாலோர் விரும்புவது தகுதியையன்று, தகுதியின் தோற்றத்தையே என்பதற்கு வேறு சான்றும் உண்டு. மஹிந்திராவின் தார் ஜீப்பு செங்கற்பட்டையடுத்த அவர்களுடைய ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பெற்று, 2020ஆம் ஆண்டில் புதுவடிவில் வந்தது. 2023ஆம் ஆண்டில் அதற்கே பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையொன்று 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த விலையில் வெளியாயிற்று. உருவம் ஜீப்பு, ஓட்டம் கார். தாம்பரம் மேம்பாலத்தில் நெரிசலில் நிற்கும் தார் வண்டிகளுள் எத்தனை வாழ்நாளில் ஒருமுறையேனும் சேற்றை மிதிக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. இவ்வாறு சொல்வது பொறாமையாலன்று; நான் வைத்திருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர்.

இருக்கையின் உயரத்தையும் சொல்லாது விடுதல் தகாது. அடித்தளம் கல்லில் உராயாதிருக்கத் தரையினின்றும் உயரம் வேண்டும்; பழைய ஹிமாலயனில் அது 220 மில்லிமீட்டர், புதியதில் 230. சக்கரம் மேலுங்கீழும் அசைய இடம் வேண்டும்; அதுவும் 200 மில்லிமீட்டர் அளவினது. இவ்விரண்டையும் கூட்டினால் இருக்கை வானத்தை நோக்கிப் போய்விடும். யமாஹாவின் டெனெரே 700 வண்டியில் அது 875 மில்லிமீட்டர். நம்மவரிற் பெரும்பாலோர்க்கு அவ்வண்டிமேல் அமர்ந்தால் காலின் பெருவிரலே தரையிற் படும். சரளையில் வண்டி சாயும்பொழுது பெருவிரலால் இருநூறு கிலோவைத் தாங்குவது எங்ஙனம்? ஹிமாலயனில் 800 என்று வைத்தது நம் நாட்டாரின் உடலளவை அறிந்து செய்த காரியம். புதியதில் 825 ஆயினும், தாழ்ந்த இருக்கை தனியே கிடைக்கின்றது. பெண்கள் பலர் லடாக் வரை இவ்வண்டியிற் சென்று வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமென்று துணிந்து கூறலாம். நெட்டையானவர்கள் குறைகூறட்டும், அவர்களுக்கு உலகில் வேறு வண்டிகள் பல உண்டு.

மற்றொன்றையும் ஆர்வலரிடம் நேர்முகமாகச் சொல்லவேண்டும். வண்டி எங்கும் செல்லும் என்பதனால் எங்கும் செலுத்துதல் முறையாகாது. 2022ஆம் ஆண்டில் லடாக்கின் பாங்கோங் ஏரிக்குள் காரைச் செலுத்திக் களித்தவர்களின் காட்சியைக் கண்டு நாடே முகஞ்சுளித்தது. ஆற்றுமணலிலும் கடற்கரை மேட்டிலும் வனத்திலும் சக்கரத்தடம் பதிப்பதை வீரமென்று கருதுவோர், சிவப்புச் சேற்றோடு வண்டியைப் புகைப்படம் எடுப்பதற்காகவே ஏரி உள்வாயில் இறக்குவோர், நம் மாணவரிலும் சிலர் இருக்கக் காண்கின்றேன். ஏரிக்கரை நம் முன்னோர் கூடைமண்ணாற் கட்டியது. மழைக்காலத்தில் ஒரு சக்கரத்தடம் ஒரு வாய்க்காலாகும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தை இப்பகுதியார் மறந்திருக்கமாட்டார்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று நீரில் மூழ்கிக்கிடந்த அந்நாட்களில், தாழ்ந்த கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மருந்தும் பாலும் உணவும் உயர்ந்த வண்டிகளிலும் டிராக்டர்களிலும் படகுகளிலும் சென்றன. மேடுபள்ளத்து வண்டி என்பது செல்வர் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளென்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் அன்றோடு அகன்றது. விளையாட்டுக்கு வாங்குவோரும் வாங்கட்டும். அவர்கள் கொடுக்கும் பணத்தால்தான் தொழிற்சாலை நடக்கின்றது.

ஒரகடத்தார்க்கும் வல்லத்தார்க்கும் என் விண்ணப்பம் இதுவே. 21 அங்குல முன்சக்கரமும், டியூபில்லாத கம்பி ஆரமும், 800 மில்லிமீட்டர் இருக்கையும், மெல்ல இழுக்கும் யந்திரமும் கொண்டு, 170 கிலோவுக்கு மேற்படாததாய், இரண்டு லட்சத்தைச் சுற்றிய விலையில் ஒரு வண்டி செய்க. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 என்ற வண்டி 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 155 கிலோ எடையில், அதனினும் மிகக் குறைந்த விலையில் வந்தமையால், இது நடவாத காரியமன்று. ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பானர்ப் பெட்டியால் அதில் முக்காற்பங்கு வேலையையேனும் ஓட்டுபவனே பார்த்துக்கொள்ளும்படி அமைக்க. சோதித்தற்கு லடாக்கு வரை செல்லவேண்டுமென்பதில்லை. ஐப்பசி மழை இரண்டு பெய்த பின்னர் தொழிற்சாலை வாயிலிலிருந்து கிழக்கே வந்து மணிமங்கலத்து ஏரியைச் சுற்றியுள்ள வண்டிப்பாட்டைகளில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். அன்று பின்னிருக்கையில் அவ்வூரைச் சுற்றிவரும் செவிலியர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, மாலையில் இறங்கியதும் அவரிடம் முதலில் அபிப்பிராயம் கேட்க வேண்டுகின்றேன்.